பின்னால் வந்த விமானம்

அத்தியாயம் ஏழு

கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு ஞானராஜ் வேறெங்கோ போய் வருகிறார் என்பது போன வாரமே அனிதாவுக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் இருப்பது புதுச்சேரியில். துவைக்க எடுத்த சட்டைப் பையில் இருந்த பஸ் டிக்கெட்டோ சிதம்பரத்துக்கு. கடலூரிலிருந்து ஒன்று வடக்கே, மற்றது தெற்கே. அப்பா வழி தவறிப் போகிற ஆள் இல்லை. விமானப் படையில் நேவிகேட்டர். பைலட்டுக்கு வழி சொல்லியே சம்பளம் வாங்கியவர்.

இதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கேட்டால் அவர் ஏதாவது சொல்வார். சொன்னதை நம்ப வேண்டியிருக்கும். அதைவிடக் கேட்காமல் இருப்பதே மேல் என்று நினைத்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை. செம்மண்டலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து அப்பா மறுபடியும் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குமா டாக்டர்?"

"சொட்டு மருந்த மாத்தணும்னாரு."

"நானும் வரேன். இன்னிக்கு எனக்கு வேல கம்மி."

"நான் இன்னா சின்னப் புள்ளையா, கையப் புடிச்சுக்கினு போக?" நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டார். "மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்மா."

தெருமுனை திரும்பும் வரை அனிதா பார்த்துக்கொண்டே நின்றாள். எண்பதைத் தொடப் போகிற முதுகு. பொய் சொல்லிவிட்டுப் போகும்போதும் நிமிர்ந்தே இருந்தது.

அந்த எண்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அண்ணன் மரிய அருள் அதைச் சும்மா விடவில்லை. எழுபத்தொன்றாம் வருஷப் போரில் அப்பா போன குண்டுவீச்சுப் பயணத்தைச் சுவரளவுக்கு ஓவியமாக வரையச் சொல்லி, சிதம்பரத்தில் சேரன் என்கிற ஓவியரிடம் கொடுத்திருந்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் திறப்பு. முன்னாள் படைவீரர்கள் வருகிறார்கள். விமானப் படையிலிருந்து ஓர் அதிகாரியும் வருகிறார். பங்குத் தந்தை போன ஞாயிறே பீடத்திலிருந்து அறிவித்துவிட்டார்.

சமையலறையில் அம்மா லோகநாயகி சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நான் வரலடி. முட்டி வலி."

"முட்டி வலிக்கு வெள்ளிக்கிழமையே தெரிஞ்சுபோச்சா, ஞாயித்துக்கிழமை வலிக்கணும்னு?"

அம்மா சிரிக்கவில்லை. "அந்தப் படம் மண்டபத்துலயே இருக்கட்டும். இந்த வூட்டுக்குள்ள மட்டும் வரக்கூடாது. உங்கண்ணங்கிட்ட சொல்லிடு."

"ஏம்மா?"

கத்தி மீனின் முதுகில் ஏறி இறங்கியது. குழாயில் தண்ணீர் சொட்டியது. அம்மா அடுத்த மீனை எடுத்தாள். ஒரு கேள்விக்குப் பதில் வராது என்பதை அந்த வீட்டில் இப்படித்தான் தெரிந்துகொள்வார்கள்.

அப்போதுதான் அருளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. படத்துக்குக் கீழே பதிக்கப் போகும் கல்லுக்கான வாசகம். 'பாம்பர் விமானத்தின் மூக்கில் படுத்தபடி எதிரியின் எண்ணெய்க் கிடங்கைத் தகர்த்த நம் பங்கின் வீரர், ஸ்க்வாட்ரன் லீடர் ஞானராஜ்.' கூடவே அவன் குரல், பின்னணியில் அவன் வேலை பார்க்கும் சர்க்கரை ஆலையின் இரைச்சலோடு:

"அனிதா, எழுத்துப் பிழை இருக்கான்னு பாரு. கல்லு வெட்றவன் காத்துக்கினு இருக்கான். அப்பா தன் பேரையே எடுத்துடச் சொல்றாரு. அவருக்கு எப்பவும் அடக்கம் ஜாஸ்தி. நீ கண்டுக்காத."

அடக்கமா?

அனிதா வாகன விபத்துகளுக்கான இன்சூரன்ஸ் சர்வேயர். நொறுங்கிய வண்டியையும் அதன் சொந்தக்காரர் சொல்லும் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இருபத்தைந்து வருஷமாக அவள் பிழைப்பு. தன் பெயர் எங்கும் வர வேண்டாம் என்று ஒருவர் கெஞ்சினால் அவள் அடக்கத்தை நினைக்க மாட்டாள். அடுத்த கேள்வியைத்தான் நினைப்பாள். பஸ் டிக்கெட்டும் சிதம்பரம், ஓவியரும் சிதம்பரம்.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செம்மங்குப்பத்தைத் தாண்டும்போது வழக்கமான ரசாயன நெடி வந்தது. முன் சீட்டுக்காரர் முந்தானையைத் தேடும் மனைவிக்குத் தன் துண்டை நீட்டினார். அனிதா மூக்கை மூடவில்லை. அவள் வேறொரு டிசம்பரில் இருந்தாள்.

கிறிஸ்துமஸ் குடில் கட்டும் நாட்களில்தான் அப்பா அந்தக் கதையைச் சொல்வார். வைக்கோலைப் பரப்பிக்கொண்டே, யாரையும் பார்க்காமல். அலைமேல் உரசுகிற மாதிரி விமானம் தாழப் பறந்தது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றிக்கொண்டன. அந்த வெளிச்சத்தில் விமானத்தின் வயிறு செக்கச்செவேல் என்று ஆனது. குண்டு போட்ட பிறகு அடிக்கதவு ஒன்று மூடவில்லை, உடைந்த தாடை மாதிரித் தொங்கியது. "அப்புறம் கடல் வந்துடுச்சு. நிலா இருந்துச்சு." அதோடு கதை நின்றுவிடும்.

"அப்புறம் திரும்பி வந்துட்டீங்க, இல்லப்பா?" என்பான் அருள்.

"வந்ததாலதானடா இங்க உக்காந்து மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கினு இருக்கேன்" என்பார் அப்பா. அருள் கைதட்டுவான். ஒவ்வொரு வருஷமும் அதே இடம், அதே சொற்கள்.

அனிதாவுக்குப் பண்ருட்டிப் பக்கம் பார்த்த ஒரு விபத்து நினைவுக்கு வந்தது. காரை ஓட்டியது தானே என்று ஒருவர் சத்தியம் செய்தார். முன் பம்பர் பிய்ந்து பறந்து போய்ப் புளியமரத்தில் மோதியதை அழகாக விவரித்தார். உள்ளே உட்கார்ந்திருந்தவர் கண்ணாடி உடைந்ததைச் சொல்வார், நெஞ்சில் பெல்ட் அறுத்ததைச் சொல்வார். பம்பர் பறந்ததை எப்படிப் பார்ப்பார்? ஓட்டியது அவருடைய லைசென்ஸ் இல்லாத தம்பி. அவர் பின்னால் பைக்கில் வந்திருக்கிறார்.

விமானத்தின் வயிறு சிவந்ததை மூக்கில் படுத்திருந்தவர் எப்படிப் பார்த்தார்?

வெயில் கண்ணைக் குத்தியது. அவள் போனை எடுத்தாள். முதலில் சேரனுக்கு.

"நான் ஞானராஜ் சார் பொண்ணு. அங்கதான் வந்துக்கிட்டு இருக்கேன். நான் பாக்குற வரைக்கும் படத்துல எதையும் தொடாதீங்க."

"மேடம், இன்னிக்கு சின்ன வேல ஒண்ணு பாக்கி. சார் சொன்னது. அத முடிச்சுட்டா—"

"எதையும் தொடாதீங்க."

நொறுங்கிய வண்டியைப் பார்க்கப் போகும்முன் வழக்கமாகச் சொல்கிற வார்த்தை. வாய் தானாகச் சொன்னது. அடுத்து, அதே வழக்கத்தில், பாலிசிதாரரையும் இடத்துக்கு வரச் சொன்னாள்.

"அண்ணா, கல்லுல பேர வெட்ட வேணாம். கெளம்பி சிதம்பரம் வா. படத்துல ஏதோ சரியில்ல."

"இன்னா சரியில்ல?"

"வந்து பாரு."

மேல வீதியில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது சேரனின் கூடம். டர்பன்டைன் வாடை படியிலேயே வரவேற்றது. மணமக்கள், மறைந்த அரசியல்வாதி, வேளாங்கண்ணி மாதா, நடராஜர் எல்லோரும் சுவரில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். சேரனுக்கு நாற்பது வயது இருக்கும். லுங்கியில் எல்லா நிறமும் இருந்தது.

"அப்பா எங்க?"

"இப்பதான் கீழ எறங்குனாரு மேடம். உங்க பொண்ணு வராங்க சார்னு சொன்னேன். ஒண்ணும் பேசல. ஒரு காபி சாப்புட்டு வரேன்னுட்டாரு." சேரன் துணியை விலக்கினான். "பாருங்க."

இரவுக் கடல். நிலா. கீழே ஓரத்தில் எரிகிற கரை. அதன் ஆரஞ்சு வெளிச்சம் பட்ட வயிற்றோடு, கடல் பக்கம் சாய்ந்து திரும்புகிற ஒரு விமானம். அடிக்கதவு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. படம் நன்றாக இருந்தது. அதுவே அவளுக்கு எரிச்சலைக் கொடுத்தது.

"யாரு இந்தக் கோணம் சொன்னது?"

"சார்தான். போர் விமானம்னா எல்லாரும் மூஞ்சிக்கு நேரா பாயற மாதிரி கேப்பாங்க. சார் ஒத்துக்கல. பின்னாலேர்ந்து போடு, கொஞ்சம் வலது, கொஞ்சம் ஒசரம்னாரு. நான் பென்சில்ல போட்டா, இந்த எடத்துல நின்னுக்குவாரு." தரையில் ஓர் இடத்தைக் காலால் காட்டினான். "ஒரு கண்ண மூடிக்கிட்டு வெரலால அளப்பாரு. இந்த றெக்கை இவ்ளோதான் தெரியும், வால் நம்பர்ல கடைசி எழுத்து பொகையில மறைஞ்சிருக்கும்பாரு. நேத்துப் பாத்த மாதிரி."

அனிதா அந்த இடத்தில் போய் நின்றாள். ஒரு கண்ணை மூடினாள்.

விமானம் முழுசாகத் தெரிந்தது. வால், வயிறு, தொங்கும் கதவு எல்லாம். இதைப் பார்த்த கண் இந்த விமானத்துக்குள் இல்லை. இதன் பின்னால் இன்னொரு விமானம் வந்திருக்கிறது. அதில்தான் இருந்திருக்கிறது.

ஆக, அப்பா இதில் இல்லை. இத்தனை வருஷமாக வேறு யாரோ செய்த காரியத்துக்குப் பிள்ளைகள் கைதட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே கைதட்டப் போகிறது. வருகிற அதிகாரி படத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தால் போதும். அப்பாவின் நிமிர்ந்த முதுகை அதற்குப் பிறகு எங்கே கொண்டுபோய் வைப்பது?

சேரன் பிரஷ்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கினான்.

"மூக்குல யாரு?" என்றாள் கடைசியில். "அண்ணன் அப்பா முகம் வேணும்னாரே."

"போட்டோ கூடக் குடுத்தாரு. வரைஞ்சேன். சார் வந்து பாத்துட்டு, உடனே தொடச்சுடுன்னாரு. அப்புறம் வேற ஒரு முகம் சொன்னாரு மேடம். போட்டோ கெடையாது, வாயாலயே. போலீஸ்ல திருடன வரைய அடையாளம் கேப்பாங்க பாருங்க, அப்படி. தாடை சதுரம், காது வெளிய தள்ளி நிக்கும், சிரிச்சா ஒரு பக்கம் மட்டும் ஏறும்னு. அதுக்குத்தான் ஒவ்வொரு வாரமும் வந்தாரு. போன வாரம் சரியா வந்துடுச்சு. சார் அப்படியே உக்காந்துட்டாரு." சேரன் தட்டில் குழைத்து வைத்திருந்த கரும்பச்சையைக் காட்டினான். "இன்னிக்கு அது மேல ஆக்சிஜன் மாஸ்க் போட்டு மூடிடச் சொல்லியிருந்தாரு. கண்ணு மட்டும் தெரியற மாதிரி. அந்த நேரத்துலதான் நீங்க தொடாதீங்கன்னு போன் பண்ணீங்க."

அனிதா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். விமானத்தின் மூக்கில் இருந்த கண்ணாடிக்குள் ஓர் இளைஞன் குப்புறப் படுத்து, தலையைத் திருப்பி, இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். சதுரத் தாடை. வெளியே தள்ளிய காது. ஒரு பக்கம் ஏறிய சிரிப்பு.

அருள். கல்யாண ஆல்பத்தில் மாலையோடு நிற்கிற அருள்.

முதலில் அவள் ஓவியரைச் சந்தேகப்பட்டாள். பிறகு தன் கண்ணை. பிறகு அப்பாவின் ஞாபகத்தை. தினமும் பார்த்து வளர்த்த முகம், சொல்லும்போது வாயில் வந்துவிட்டதோ? அப்படி இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் நடந்த ஒன்று அழைக்காமலே வந்து நின்றது. கல்யாணப் பொன்விழாவுக்குப் பூசை வைக்கலாம் என்று அருள் குதித்தபோது அம்மாவும் அப்பாவும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். பொன்விழா என்றால் பங்குத் தந்தை மைக்கில் கல்யாண வருஷத்தைச் சொல்வார். எழுபத்து மூன்று. அருள் பிறந்தது எழுபத்திரண்டு. கணக்குப் போட அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை.

படியில் ஷூ சத்தம் கேட்டது.

ஞானராஜ் வாசலில் நின்று மகளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மூடப்படாத முகத்தையும் பார்த்தார்.

"தம்பி, நீயும் போயி ஒரு காபி சாப்புட்டு வாப்பா."

சேரன் இறங்கிப் போனான். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டார். கீழே துணிக்கடையில் யாரோ சரிகையைப் பற்றிப் பேரம் பேசுவது கேட்டது.

"நீங்க எந்த விமானத்துல இருந்தீங்க?"

"பின்னாடி."

"அப்ப எங்ககிட்ட சொன்னதெல்லாம்?"

"பாத்தத சொன்னேன். முன்னாடி போனதுல நான் இருந்தேன்னு என்னிக்காவது சொன்னனா? கதை கேட்டுட்டு நீங்கதான் என்னைத் தூக்கி அதுல உக்கார வெச்சீங்க." சற்று நிறுத்தினார். "எறக்கிவிடச் சொல்லிக் கேக்கல. அது என் தப்புதான்."

"இது யாரு?"

"சுப்பிரமணியன். என் கோர்ஸ்மேட், ஒண்ணா டிரெய்னிங் எடுத்தோம். இந்த ஊருதான், கீழ வீதி."

அம்மாவும் இந்த ஊர்தான். பிறந்த ஊருக்கு அம்மா ஒரு தடவைகூட வந்ததில்லை. காதல் கல்யாணம், மதம் மாறினதால் வீட்டில் சேர்க்கவில்லை என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அம்மா..."

"அவன் பொண்டாட்டி. கடல் மேல வந்தப்பறம் அடிபட்டிருந்த அவுங்க விமானம் கடல்ல விழுந்துடுச்சு. பைலட்டுக்கு மட்டும்தான் வெளிய தூக்கி எறியற சீட்டு. நேவிகேட்டருக்கு அது கெடையாது. பைலட் நெனச்சிருந்தா தப்பிச்சிருக்கலாம். இவன விட்டுட்டுப் போகல." அப்பா படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்கம்மாவுக்கு அப்ப மூணு மாசம்."

"அண்ணனுக்கு?"

"தெரியாது. தெரியவே கூடாதுன்னு உங்கம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. அவனா போயி படத்துக்குச் சொல்லிட்டான். வேணாம்னேன், கேக்கல. சரி வரையட்டும். ஆனா அந்தக் கண்ணாடிக்குள்ள என் மூஞ்சியா? அவன் செத்த எடத்துல நான் படுத்துக்கிறதா?" குரல் தணிந்தது. "ஒரு தடவ அவன் மொகத்தப் பாத்துட்டு மூடிடலாம்னு இருந்தேன். மேல மாஸ்க் இருக்கும். உள்ள அவன் இருப்பான். யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

காலை முதல் சேர்த்து வைத்திருந்த சந்தேகமெல்லாம் அனிதாவின் கையிலேயே கனத்தது. திருடனைப் பிடிக்க வந்தவள், கதவைத் திறந்து போட்டுவிட்டாள்.

"அப்பா, நான் அண்ணன வரச் சொல்லிட்டேன்."

அவர் தலையை நிமிர்த்தினார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். கடை வாசலில் சேரன் டம்ளரோடு நின்றிருந்தான். "சேரன்! மேல வாங்க, சீக்கிரம்! அந்த மாஸ்க்கைப் போட்டுடுங்க!" என்று கத்த வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். அருளின் கார் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அருள் சேரனின் தோளில் கைபோட்டு ஏதோ சொல்லிச் சிரித்தபடி படியேற ஆரம்பித்திருந்தான்.

துணியை எடுத்துப் படத்தின்மேல் இழுத்துவிட்டாள். இழுத்து முடிப்பதற்குள் அருள் வந்துவிட்டான்.

"அடேங்கப்பா, குடும்பமே இங்கதான் இருக்கு! அப்பா, புதுச்சேரி கண் டாக்டர் சிதம்பரத்துல பிராஞ்ச் போட்டுட்டாரா?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "ஏம்மா அனிதா, ஏதோ சரியில்லன்னு ஓடி வரச் சொல்லிட்டுத் துணிய போத்தி வெச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லண்ணா. நான்தான் தப்பா பாத்துட்டேன்."

"நீ தப்பா பாப்பியா? லாரிக்கு அடியில பூந்து நட்டு போல்ட்ட எண்ணுறவ நீ." துணியை ஒரே இழுப்பில் உருவினான்.

அவன் படத்தைப் பார்க்கிற வரை அனிதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்து நாலு வயதுத் தாடை, கொஞ்சம் தொங்கிப் போயிருந்தாலும் சதுரம். காது.

அருள் வாய்விட்டுச் சிரித்தான்.

"யோவ் சேரா! எங்கப்பா போட்டோவ குடுத்தா என் மூஞ்சிய வரைஞ்சு வெச்சிருக்கியே!"

"நான் இல்லண்ணே, சார்தான் சொல்லச் சொல்ல—"

"அப்பாவா?" அருளின் குரல் சட்டென்று குழைந்தது. அப்பாவைப் பார்த்தான். "என்னைய நெனச்சா சொன்னீங்க? இதுக்கா அனிதா சரியில்லன்ன? உனக்கு கிளைம் பாத்துப் பாத்து எல்லாத்துலயும் டேமேஜ்தான் தெரியுது."

ஞானராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அழகா இருக்குண்ணா," என்றாள் அனிதா. "ஆனா பறக்கும்போது மாஸ்க் போட்டிருப்பாங்களாம். ஞாயித்துக்கிழமை ஆபீசர் வேற வராரு. அத மட்டும் இப்பவே போட்டுடச் சொல்லலாம்."

"மூடறதுக்கா மூஞ்சிய வரையச் சொன்னேன்? ஒரு நிமிஷம் இரு, அம்மாகிட்ட காட்டறேன். படமே வேணாம்னு முறுக்கிக்கினு இருக்காங்கல்ல. மவன் மூஞ்சியப் பாத்தா ஞாயித்துக்கிழமை முட்டி வலி பறந்துடும்."

"வேணாம் அருள்," என்றார் அப்பா.

அதற்குள் போன் அடிக்க ஆரம்பித்திருந்தது. செம்மண்டலம் சமையலறையும், மீன் வாசனையோடு இருக்கும் ஒரு கையும், பிறகு அம்மாவின் நெற்றியும் திரையில் வந்தன.

"என்னடா?"

"ம்மா, கண்ணாடி போட்டுக்கினு பாருங்க. யாருன்னு சொல்லுங்க." அருள் போனைத் திருப்பி ஓவியத்தின் மூக்குக்கு நேராகப் பிடித்தான்.

போனிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று அருள் எட்டிப் பார்த்தான். போகவில்லை. அம்மா அசையாமல் இருந்தாள். தெருவில் ஒரு பூக்காரி கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் திரும்பி மறைகிற வரை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு மிகச் சாதாரணமான குரலில் சொன்னாள்:

"புருவத்துல வெட்டு இல்லையே."

"இன்னாம்மா?"

"இடது புருவம். சின்ன வயசுல தேர் இழுக்கப் போனப்ப வடம் பட்டு வெட்டுனது. அந்த எடத்துல முடி மொளைக்காது. அத விட்டுட்டாரே."

ஞானராஜ் கண்ணை மூடிக்கொண்டார். "ஆமா," என்றார், யாரிடமும் இல்லாமல். "மறந்துட்டேன்."

சேரனுக்கு இதில் எதுவும் விளங்கவில்லை. பாக்கியிருந்த வேலை எதுவாக இருந்தாலும் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு படத்தருகே குனிந்தான். "எந்த எடம்மா? ஓரமாவா?"

"நடுவுல. இன்னும் கொஞ்சம் மேல தம்பி... ஆங். சாய்வா. சின்னதாத்தான் இருக்கும்."

அருளின் சிரிப்பு முகத்திலேயே நின்று போயிருந்தது. அப்பாவின் இடது புருவத்தைப் பார்த்தான். நரைத்து அடர்ந்திருந்தது, எங்கும் வெட்டு இல்லை. தேர் இழுக்கப் போகிற வீட்டில் அப்பா பிறக்கவும் இல்லை. போனைக் கீழே இறக்க அவன் கை ஒரு கணம் தாழ்ந்தது.

"அருள், ஆட்டாதடா. எனக்குத் தெரியல," என்றாள் அம்மா.

அவன் மறுபடியும் போனை உயர்த்தி நேராகப் பிடித்தான். பிரஷ் நுனி புருவத்தைத் தொட்டது. அம்மா பார்ப்பதற்காகக் கையை ஆடாமல் வைத்துக்கொண்டே, முகத்தை மட்டும் திருப்பித் தங்கையிடம் கேட்டான்.

"அனிதா, யாரு இது?"

இப்படி எத்தனையோ பேரை நிற்க வைத்து அவள் கேட்டிருக்கிறாள். பதில் தெரிந்தவர்கள் முதலில் எங்கே பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவளும் தரையைத்தான் பார்த்தாள்.